ஆசிரியர் கூட்டத்தில் கேட்கும் கேள்வி வகுப்பறை வரை போய்ச் சேர: முழுமையான வழிகாட்டி

பள்ளியை மேம்படுத்த ஆசிரியர்களை யோசிக்க வைக்கும் கேள்விகளைக் கேளுங்கள் என்று பயிற்சிகளில் சொல்கிறார்கள். சொல்வது சரிதான். ஆனால் எப்படிக் கேட்பது என்று சொல்லாமல், இருபது கேள்விகள் அச்சிட்ட தாளைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். தலைமையாசிரியர் அதை ஒவ்வொன்றாக வாசிப்பார். எல்லாரும் நல்ல பதிலாகச் சொல்வார்கள். தாள் ஃபைலுக்குள் போய்விடும். மறுநாள் வகுப்பறையில் எதுவும் மாறியிருக்காது.

ஆசிரியர் பயிற்றுநராக நான் போன தொடக்க, நடுநிலைப் பள்ளிகளில் இதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். நானே அப்படி நடத்திய கூட்டங்களும் உண்டு. கேள்விகள் மோசமாக இருந்ததால் அவை தோற்கவில்லை. கேட்ட வரிசைதான் தப்பு. கையில் எதையும் காட்டாமல் கேட்டோம், பதில் வரும் முன் பேசினோம், கேட்டுவிட்டுத் திரும்பிப் போய்ப் பார்க்கவில்லை. கீழே உள்ள படிகளை முதல் இரண்டு மூன்று முறையாவது இதே வரிசையில் செய்து பாருங்கள்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

நாற்பது நிமிடம் வேண்டும், ஒரு பீரியடு அளவு. கடைசி மணி அடித்த பிறகு வைக்காதீர்கள். பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பதில் சொல்வார். எமிஸ் (பள்ளி விவரங்களுக்கான அரசு இணையத்தளம்) பதிவேற்றத்துக்குக் கெடு உள்ள நாளும், தேர்வு வாரமும் வேண்டாம்.

ஒரு நாற்பது பக்க நோட்டு வேண்டும். இது அலுவலக ரெக்கார்டு இல்லை. மேலிடத்திலிருந்து யார் வந்தாலும் இதைக் காட்ட மாட்டோம் என்று முதல் நாளே ஆசிரியர்களிடம் சொல்லிவிடுங்கள், சொன்னபடி நடந்துகொள்ளுங்கள். ஒரு பள்ளியில் ஆசிரியை ஒருவர் மனம் திறந்து, "கழித்தல் கணக்கு சொல்லிக் கொடுக்க எனக்கே தடுமாற்றமா இருக்கு சார்" என்றார். அடுத்த ஆய்வில் அதே வரி அவருக்கு எதிரான குறிப்பாக வந்தது. அதற்குப் பிறகு அந்தப் பள்ளியில் யாரும் எந்தக் கேள்விக்கும் உண்மையான பதில் சொல்லவில்லை. அந்த நம்பிக்கையை மீட்க ஒரு கல்வியாண்டு போதவில்லை.

கூட்டத்தில் ஆறேழு பேருக்கு மேல் வேண்டாம். பெரிய பள்ளியாக இருந்தால் வகுப்பு வாரியாகவோ பாடவாரியாகவோ பிரித்துக்கொள்ளுங்கள்.

2. ஒரே ஒரு விஷயத்தை எடுங்கள்

"நம் பள்ளியின் தரத்தை எப்படி உயர்த்துவது?" என்பது கூட்டத்துக்கான கேள்வி இல்லை. அதற்கு யாரும் தப்பான பதில் சொல்ல முடியாது, அதனால் யாரும் யோசிக்கவும் மாட்டார்கள். ஒரு வகுப்பு, ஒரு திறன் அல்லது ஒரு நேரம் என்று சுருக்குங்கள். மூன்றாம் வகுப்பில் தமிழ் வாசிப்பு. மதிய உணவுக்குப் பிறகு ஏழாம் வகுப்பில் குறையும் தலைகள். ஐந்தாம் வகுப்பில் திருத்தப்படாத கணக்கு நோட்டுகள்.

எதை எடுப்பது என்று குழப்பம் வந்தால், அந்த அறையில் இருப்பவர்கள் இரண்டு வாரத்தில் கைவைக்கக்கூடியது எதுவோ அதை எடுங்கள். கட்டடமும் காலிப் பணியிடமும் முக்கியமான பிரச்சினைகள்தான். ஆனால் அவற்றுக்கு மனு எழுத வேண்டும், இந்தக் கூட்டம் அதற்கு உதவாது.

இனிவரும் படிகளுக்கு மூன்றாம் வகுப்பு வாசிப்பையே உதாரணமாக வைத்துக்கொள்கிறேன். 2022இல் தமிழக அரசின் தொடக்க வகுப்புகளுக்கான எண்ணும் எழுத்தும் திட்டம் வந்த பிறகு அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளின் கற்றல் நிலைகளைப் பிரித்துப் பேசுவது எல்லா ஆசிரியர்களுக்கும் பழகிவிட்டது. பழகியதாலேயே ஒரு தொல்லையும் வந்திருக்கிறது. "அவன் அரும்பு சார்" என்று சொல்லிவிட்டால் பேச்சு அங்கேயே முடிந்துவிடுகிறது. அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு பிள்ளை எந்த எழுத்தில் தடுக்கி நிற்கிறான் என்பதுதான் நமக்கு வேண்டும்.

3. முதலில் காட்டுங்கள், பிறகு கேளுங்கள்

புதிதாகத் தொடங்குபவர்கள் அதிகமாகத் தாண்டிக் குதிக்கும் படி இதுதான். கையில் எதுவும் இல்லாமல் கேட்டால் ஆளாளுக்கு அபிப்பிராயம் சொல்வார்கள். அபிப்பிராயத்தை யாரும் மாற்றிக்கொள்ள மாட்டார்கள். கண்ணால் பார்த்ததைப் பற்றிக் கேட்டால்தான் பேச்சு நகரும்.

கூட்டத்துக்கு முந்தைய வாரம் மூன்று பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். வகுப்பாசிரியரே தேர்ந்தெடுக்கட்டும். நன்றாக வாசிக்கும் ஒருவர், நடுவில் ஒருவர், திணறும் ஒருவர். பாடத்தில் இல்லாத ஆறு வரிக் கதை ஒன்றை ஒவ்வொருவரும் தனியாக வாசிக்க, ஆசிரியர் தன் கையில் உள்ள பிரதியில் தடுக்கிய இடங்களில் பென்சிலால் கோடு போட்டுக்கொள்ள வேண்டும். பிள்ளை ஒன்றுக்கு மூன்று நிமிடம் ஆகும்.

பாடத்தில் இல்லாத கதை ஏன்? பாடத்தில் உள்ளதைப் பிள்ளைகள் மனப்பாடமாகவே சொல்லிவிடுவார்கள். புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு ஒரு பத்தி முழுவதும் பிழையில்லாமல் "வாசித்த" குழந்தையை நான் பார்த்திருக்கிறேன்.

கூட்டத்தில் அந்தப் பென்சில் கோடு போட்ட தாள்களை மேசை நடுவில் வையுங்கள். ஐந்து நிமிடம் யாரும் எதுவும் விளக்க வேண்டாம், பார்த்தால் போதும். நான் போன பள்ளிகளில் திரும்பத் திரும்பக் கண்டது ஒன்று: 'கொ', 'கோ' போல எழுத்துக்கு முன்னும் பின்னும் குறி வரும் இடங்களில் பிள்ளைகள் நிற்கிறார்கள். 'கொக்கு' என்பதை 'கெக்கு' என்று வாசித்துவிட்டு மிச்சமிருக்கும் துணைக்காலை என்ன செய்வதென்று தெரியாமல் விழிப்பார்கள். தாளைப் பார்க்கும் வரை "வாசிப்பு வரல" என்று பொதுவாகச் சொல்லிக்கொண்டிருந்த ஆசிரியர்கள், பார்த்த பிறகு "இந்த ஒகரக் குறியிலதான் நிக்கிறாங்க" என்று பேசத் தொடங்குவார்கள். பாதி வேலை இங்கேயே முடிந்துவிடுகிறது.

4. கேள்வியை எழுதித் திருத்துங்கள்

கேள்வியைக் கூட்டத்தில் நின்ற இடத்தில் உருவாக்காதீர்கள். முதல் நாள் இரவே எழுதி, வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

வினா ஆறு வகை என்று இலக்கண வகுப்பில் எல்லாரும் படித்திருக்கிறோம்: அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா. இந்தப் பட்டியல் இந்த வேலைக்கு எவ்வளவு உதவுகிறது என்பது எனக்குத் தாமதமாகத்தான் புரிந்தது. பள்ளிக்கூடம் நாள் முழுவதும் அறிவினாவில் ஓடுகிறது. பதில் தெரிந்த ஆசிரியர் பிள்ளைக்குத் தெரியுமா என்று பார்க்கக் கேட்கிறார். அந்தப் பழக்கத்தோடு தலைமையாசிரியர் ஆசிரியர்களிடம் கேட்டால், அவர்களும் மாணவர்களைப் போலவே 'சார் எதிர்பார்க்கும் விடை எது' என்று தேடுவார்கள்.

அதைவிட மோசம் ஏவல்வினா. "தினமும் பத்து நிமிஷம் வாசிக்க வைக்கலாமே, முடியாதா டீச்சர்?" இது கேள்வி போல உடுத்திக்கொண்டு வந்த உத்தரவு. உத்தரவு போட வேண்டுமென்றால் நேராகப் போடுங்கள், அதில் தப்பில்லை. கேள்வி வடிவில் போட்டால் அடுத்த முறை நீங்கள் நிஜமாகவே கேட்கும்போதும் அதற்குள் ஓர் உத்தரவைத் தேடுவார்கள்.

நமக்கு வேண்டியது அறியாவினா மட்டுமே, அதாவது பதில் தெரியாமல் தெரிந்துகொள்ளக் கேட்பது. எழுதிய கேள்விக்குப் பக்கத்தில், நீங்கள் எதிர்பார்க்கும் பதிலையும் எழுதிப் பாருங்கள். சுலபமாக எழுத முடிந்தால் அந்தக் கேள்வியை அடித்துவிடுங்கள்.

அப்புறம் சொற்களைப் பாருங்கள். மூன்று இடங்களில் கவனம் வேண்டும்.

'ஆ'வில் முடியும் கேள்வி. "பாடம் புரிஞ்சுதா?" என்றால் வகுப்பே "புரிஞ்சுது சார்" என்று ராகம் போடும். ஆசிரியர் கூட்டத்திலும் இதேதான். "எல்லாப் பிள்ளைகளையும் கவனிக்கிறீர்களா?" என்று கேட்டால் "கவனிக்கிறோம்" என்பதைத் தவிர ஒருவர் வேறென்ன சொல்வார்?

'தானே'. "குழுவாத்தானே உட்கார வைக்கிறீங்க?" இதில் பதிலும் சேர்ந்தே இருக்கிறது. தலையாட்டுவது மட்டும்தான் மிச்சம்.

'ஏன்'. நல்ல கேள்வியாளர்கள்கூட இதில் வழுக்குகிறார்கள். "ஏன் இந்தப் பையன் இன்னும் வாசிக்கல?" என்று கேட்டுப் பாருங்கள். நம் ஊரில் 'ஏன்' என்ற சொல் வீட்டிலும் பள்ளியிலும் கண்டிக்கப் பயன்படும் சொல். "ஏன் லேட்டு?", "ஏன் ஹோம்வொர்க் செய்யல?" என்று கேட்டே வளர்ந்தவர்கள் நாம். அதைக் கேட்டவுடன் மனம் தற்காப்புக்குப் போய்விடுகிறது. வருவது காரணம் இல்லை, சமாதானம். 'ஏன்' வரும் இடத்தில் 'எது', 'எங்கே', 'எப்போது', 'எவ்வளவு' என்று மாற்றி வைத்துப் பாருங்கள்.

"ஏன் இவங்க இன்னும் மொட்டு நிலையிலேயே இருக்காங்க?" என்பதை "இந்த மூன்று பேரும் எந்தக் குறிவரை தடையில்லாமல் வாசிக்கிறார்கள், எங்கே முதலில் நிற்கிறார்கள்?" என்று மாற்றலாம்.

"தனித்தனியா வாசிக்க வைக்கிறீங்களா?" என்பதை "நேற்று ஒரு நாளில், திணறும் இந்தப் பிள்ளை தனியாக வாய்விட்டு வாசித்த நேரம் எத்தனை நிமிடம்?" என்று மாற்றலாம்.

இரண்டாவது கேள்வியை நான் கேட்ட பள்ளி ஒன்றில் ஆசிரியை நெடுநேரம் யோசித்துவிட்டு, "தனியா... இல்ல சார். எல்லாரோடையும் சேர்ந்துதான் வாசிச்சான். வாய் அசைஞ்சுது. நான் வாசிக்கிறான்னு நெனச்சுக்கிட்டேன்" என்றார். யாரும் அவரைக் குற்றம் சொல்லவில்லை. அவர் தானாகக் கண்டுபிடித்தது அது. நான் அதையே முன்கூட்டிச் சொல்லியிருந்தால், "நாற்பது நிமிஷத்துல இருபத்தஞ்சு பேரை எப்படிங்க தனித்தனியா?" என்று வாதம் வந்திருக்கும்.

ஒரு கூட்டத்துக்கு மூன்று கேள்விகள் போதும். அதற்கு மேல் போனால் மறுபடி படிவம் நிரப்புவதாகிவிடும்.

5. முதல் பதில் உங்களுடையதாக இருக்கட்டும்

கூட்டத்தை நடத்துபவர் ஒரு கேள்வியைத் தன் வேலையைப் பற்றித் தனக்கே கேட்டு, எல்லார் முன்பும் பதில் சொல்லித் தொடங்க வேண்டும். "போன வாரம் நான் மூன்றாம் வகுப்புக்குள் போனது எத்தனை முறை? இரண்டு. இரண்டும் பதிவேட்டில் கையெழுத்து வாங்கத்தான். வாசிப்பைக் கேட்க ஒரு முறையும் போகவில்லை."

அதிகாரத்தில் இருப்பவர் முதலில் குறையை ஒப்புக்கொண்டால்தான் மற்றவர்களுக்கு அது ஆபத்தில்லாத செயல் என்று தெரியும். நடிக்க வேண்டாம். சின்னதாக இருந்தாலும் உண்மையைச் சொல்லுங்கள்.

6. கேளுங்கள், பிறகு வாயை மூடிக் காத்திருங்கள்

அமெரிக்க அறிவியல் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் வகுப்பறைப் பேச்சைப் பதிவு செய்து பார்த்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டு ஒரு விநாடி அளவுதான் காத்திருக்கிறார்கள் என்று கண்டார். அதை மூன்று விநாடியாக நீட்டினாலே பதில்கள் நீண்டன, 'தெரியாது' என்பது குறைந்தது. அது மாணவர்களைப் பற்றிய ஆய்வு. தன் வேலையைப் பற்றித் தானே பேச வேண்டிய ஆசிரியருக்கு மூன்று விநாடி எப்படிப் போதும்? பத்து விநாடியாவது விடுங்கள். முதல் முறை அந்த மௌனம் மிகவும் கனமாக இருக்கும். டீ டம்ளரைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள், அது உதவும்.

கேள்வியை வாசித்ததும் யாரும் பேசாமல் மூன்று நிமிடம் அவரவர் தாளில் எழுதட்டும். எழுதாமல் பேசத் தொடங்கினால் மூத்த ஆசிரியர் சொன்னதையே மற்றவர்கள் வேறு வார்த்தையில் சொல்வார்கள். எழுதிய பிறகு, பணியில் இளையவரிலிருந்து தொடங்கி வாசிக்கச் சொல்லுங்கள். மூத்தவர் பேசிய பின் இளையவர் மாற்றுக் கருத்துச் சொல்வது நம் பள்ளிகளில் அரிது.

பதில் வந்ததும் "அருமை", "சூப்பர் டீச்சர்" என்று சொல்லாதீர்கள். ஒருவரைப் பாராட்டினால் அடுத்தவர் அதே போன்ற பதிலைத் தயார் செய்வார். "சரி" என்று மட்டும் சொல்லி எழுதிக்கொள்ளுங்கள். அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுத வேண்டும். "வாய் அசைஞ்சுது, வாசிக்கிறான்னு நெனச்சுக்கிட்டேன்" என்பதை "தனிநபர் வாசிப்பில் போதிய கவனமின்மை" என்று எழுதினால், அது அவர் சொன்னது இல்லை, உங்கள் அறிக்கை. அவருக்கே அது அந்நியமாகிவிடும்.

7. "வீட்டுல கவனிக்கிறதில்ல" என்று வரும்போது

கட்டாயம் வரும். அப்பா வெளியூர் வேலை, அம்மா நூறு நாள் வேலை, வீட்டில் செல்போன், போன வகுப்பிலேயே அடிப்படை சரியில்லை. இவற்றில் பல உண்மை. அதனால் மறுத்து வாதாடாதீர்கள். வாதாடினால் மிச்ச நேரம் அதிலேயே போய்விடும்.

நோட்டில் ஒரு பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரியுங்கள். இடப்பக்கம் வெளியில் உள்ள காரணங்கள். ஒவ்வொன்றையும் மரியாதையாக எழுதிக்கொள்ளுங்கள். எழுதி முடித்ததும் ஒரே ஒரு கேள்வி: "சரி டீச்சர், இதெல்லாம் இந்த வருஷம் முழுக்க இப்படியே இருக்கும்னு வச்சுக்குவோம். காலையில் மணி அடித்ததிலிருந்து சாயங்காலம் மணி அடிக்கும் வரை, இவனுக்காக மாற்றக்கூடியது எது நம் கையில் இருக்கிறது?" இதற்கு வரும் பதில்கள் வலப்பக்கம்.

தான் சொன்னது எழுதப்பட்டதைப் பார்த்த ஆசிரியர், பெரும்பாலும் அதைத் திரும்பச் சொல்வதில்லை. தன் கஷ்டத்தை ஒருவர் காது கொடுத்துக் கேட்டுவிட்டார் என்பதே பலருக்கு அடுத்த அடி வைக்கப் போதுமானதாக இருக்கிறது.

8. ஒரு சிறு செயல், ஒரு தேதி

வலப்பக்கத்தில் ஐந்தாறு யோசனைகள் இருக்கும். ஒன்றை மட்டும் எடுங்கள். யார் அதைச் செய்யப் போகிறாரோ அவரே தேர்ந்தெடுக்க வேண்டும். உங்களுக்குப் பிடித்ததை அவர் வாயால் சொல்ல வைக்கும் முயற்சி எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

மேலே சொன்ன ஆசிரியை எடுத்தது இது: காலை முதல் பத்து நிமிடம், மற்றவர்கள் வாசிப்பு அட்டைகளோடு இருக்கும்போது, வகுப்பில் திணறும் மூன்று பிள்ளைகள் மட்டும் அவர் மேசைக்கு வந்து ஆளுக்கு நான்கு வரி வாசிப்பார்கள். ஒகரக் குறி உள்ள சொற்கள் நிறைய வரும் வரிகள். இரண்டு வாரம்.

செயலைச் செய்ய என்ன தடை வரும் என்பதையும் அப்போதே கேளுங்கள். காலை வழிபாடு நீண்டுபோனால் அந்தப் பத்து நிமிடம் போய்விடும் என்றார் அவர். வழிபாட்டை நேரத்துக்கு முடிப்பது தலைமையாசிரியரின் பங்கு என்று நோட்டில் அவர் பெயருக்கு நேராக எழுதினோம். இப்படி நடத்துபவருக்கும் ஒரு வேலை இருக்க வேண்டும்.

9. அதே கேள்வியோடு திரும்பிப் போங்கள்

தேதி வந்ததும் புதுக் கேள்வி வேண்டாம். முதலில் கதை வாசித்த அதே மூன்று பிள்ளைகள், வேறொரு ஆறு வரிக் கதை, அதே பென்சில் கோடு, அதே கேள்வி. பழைய தாளையும் புதிய தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும், நீங்கள் ஊக்க உரை எதுவும் நிகழ்த்த வேண்டியதில்லை. ஏழு இடத்தில் நின்ற பிள்ளை மூன்று இடத்தில் நிற்கிறான் என்பதைத் தன் கண்ணால் பார்க்கும் ஆசிரியர், அடுத்த இரண்டு வாரத்தைத் தானாகவே கேட்டு வாங்கிக்கொள்வார்.

மாற்றம் எதுவும் இல்லையென்றால்? "இந்த இரண்டு வாரத்தில் எத்தனை நாள் அந்தப் பத்து நிமிடம் நடந்தது?" என்று முதலில் கேளுங்கள். நான்கு நாள்தான் நடந்திருந்தால் யோசனை தோற்கவில்லை, நேரம்தான் கிடைக்கவில்லை. எல்லா நாளும் நடந்தும் மாற்றமில்லை என்றால் பிள்ளையின் பார்வைத்திறனையும் கேட்கும் திறனையும் பரிசோதிக்க ஏற்பாடு செய்யுங்கள். கரும்பலகை சரியாகத் தெரியாத பிள்ளையை மாதக்கணக்கில் 'மெதுவாகக் கற்பவன்' என்று எழுதி வைத்திருந்த இடங்கள் உண்டு.

10. மாணவர்களிடமும் பெற்றோரிடமும் கேட்கும்போது

இரண்டு சுற்று ஆசிரியர்களோடு முடித்த பிறகே இங்கே வாருங்கள். முதலிலேயே மாணவர்களிடம் போனால், ஆசிரியர்கள் தங்களை வேவு பார்ப்பதாக நினைப்பார்கள்.

ஆறாம் வகுப்புக்கு மேல் உள்ளவர்களிடம் துண்டுச் சீட்டில், பெயர் இல்லாமல் எழுதி வாங்குங்கள். ஆசிரியரைப் பற்றிக் கேட்காமல் அவர்களின் ஒரு நாளைப் பற்றிக் கேளுங்கள். "நேற்றைய அறிவியல் பாடத்தில் எந்த இடத்தில் விட்டுப்போச்சு?" "பள்ளியில் இருக்கும்போது எப்போதெல்லாம் தாகம் எடுத்தும் தண்ணீர் குடிக்காமல் இருக்கிறீர்கள்?" இரண்டாவது கேள்வியைப் பெண் குழந்தைகளிடம் கேட்டால் பதில் பெரும்பாலும் கழிப்பறையில் போய் முடியும். "கழிப்பறை வசதி இருக்கிறதா?" என்ற படிவக் கேள்விக்கு 'ஆம்' என்று எழுதிய பள்ளிகளிலும் அந்தப் பதில் வரும். கதவில் தாழ்ப்பாள் இல்லை என்பது எந்தப் படிவத்திலும் வருவதில்லை. சீட்டில் வந்ததில் ஒன்றையாவது அதே வாரம் சரிசெய்துவிடுங்கள். இல்லையென்றால் அடுத்த முறை வெற்றுச் சீட்டுகள்தான் திரும்பி வரும்.

பெற்றோருக்கு வழி ஏற்கனவே இருக்கிறது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்த உறுப்பினரில் பாதிப் பேர் பெண்கள். பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிப்பதும் அந்தக் குழுவின் வேலை. ஆனால் கூட்டத்தில் அம்மாக்கள் பின்வரிசையில் உட்கார்ந்து கையெழுத்து மட்டும் போட்டுவிட்டுப் போவதை எத்தனை முறை பார்த்துவிட்டோம்! நான்கைந்து பேராக வட்டமாக உட்கார வையுங்கள். "பள்ளிக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டால் சுற்றுச்சுவர், தண்ணீர்த் தொட்டி என்று பட்டியல் வரும். "அம்மா, புள்ள வீட்டுக்கு வந்ததும் பள்ளிக்கூடத்தப் பத்தி முதல்ல என்ன சொல்றா?" என்று கேளுங்கள். அதற்குப் பதில் சொல்ல அவர்களைவிடத் தகுதியானவர் யாருமில்லை. கூலி வேலைக்குப் போகிறவர்களுக்கு ஏற்ற நேரத்தில் கூட்டத்தை வைப்பது இதற்கெல்லாம் முன் நிபந்தனை.

11. இந்த முறையைத் தொடக்கூடாத இடங்கள்

பிள்ளையை அடிப்பது, சாதி சொல்லித் திட்டுவது, பாலியல் தொந்தரவு. இவற்றில் எதையும் வட்டமாக உட்கார்ந்து யோசிக்கும் விஷயமாக ஆக்காதீர்கள். துண்டுச் சீட்டில் அப்படி ஒரு வரி வந்தால் கூட்டத்தை அங்கேயே நிறுத்துங்கள். பிள்ளையின் பாதுகாப்பை உறுதி செய்து, குழந்தைகள் உதவி எண் 1098க்கோ தமிழகப் பள்ளிக் கல்வி உதவி எண் 14417க்கோ அன்றே பேசுங்கள். பாலியல் குற்றம் என்று தெரிந்தால் போக்சோ சட்டப்படி காவல்துறையிடம் தெரிவிப்பது கட்டாயம். முதலில் பள்ளிக்குள் பேசித் தீர்க்கலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். அந்தச் சீட்டைப் பத்திரமாக எடுத்து வையுங்கள். எழுதியது யார் என்று கையெழுத்தை வைத்து வகுப்பில் தேடாதீர்கள், மற்றவர்களையும் தேட விடாதீர்கள்.